பிடாரியின் கால் நனையவில்லை

பிடாரியைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மார்பிலும் இடுப்பிலும் வைக்கோல் புரி சுற்றி, அதன் மேல் தேங்காய் நார்க் கயிறு போட்டு, இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர் இழுத்தார்கள். நடுவில் நின்ற கொத்தனார், "மெதுவா... மெதுவா... ஆத்தா மூக்கு ஒடைஞ்சுடப் போவுது" என்று கத்திக்கொண்டிருந்தார். புதுச் சுண்ணாம்பு வாசனையும் வெயிலில் புளித்த தேங்காய்த் தண்ணீர் வாசனையும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கின்றன.

அம்மா தலையில் கத்தரிக்காய்க் கூடையோடு நின்றாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவ காலை எங்க கொண்டுபோயி வைக்கிறீங்க?" என்று கேட்டாள் அம்மா.

எங்கள் ஊர் நாட்டாமை திரும்பிப் பார்த்தார். "சாமி காரியத்துல வாய் வைக்காதே. போ, காய் வாடுது" என்றார்.

அம்மா போகவில்லை. பிடாரி மேலே போய்ப் புதுப் பீடத்தில் உட்காரும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் கேள்விக்கு ஊர் அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் இந்த வாரம் நான் வேறு ஏதாவது எழுதியிருப்பேன். என் அப்பாவும் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார்.

கடலில்லாத ஊரில் தீவு

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் தீவில் பிறந்தவள் என்று எழுதியிருந்தேன். ஒரு வாசகர், "திருச்சியில் கடலே இல்லை, தீவு எங்கிருந்து வந்தது அம்மணி? கொஞ்சம் பார்த்து அளந்து விடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அளக்கவெல்லாம் இல்லை ஐயா. முக்கொம்புக்குப் போய் நின்று பாருங்கள். காவிரி அங்கே இரண்டாகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஸ்ரீரங்கம். சுற்றித் தண்ணீர் இருந்தால் அதற்குத் தீவு என்றுதான் பெயர்.

அந்தத் தீவுக்கு வடக்கே, கொள்ளிடத்தின் மணலுக்குள் இன்னொரு குட்டித் தீவு. அதுதான் எங்கள் திட்டு. வண்டல் மண். வாழை, கத்தரி, வெள்ளரி, கரையோரம் கோரை. கூரை வீடுகள் கொஞ்சம். நடுவில் ஒரு மருத மரம், அதன் அடியில் பிடாரி.

கோடையில் மணலில் நடந்தே ஸ்ரீரங்கம் போய்விடலாம். கால் பொசுங்கும், அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடம் போனதும் மணல் இருக்கிற மாதங்களில்தான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பரிசல். பரிசல்காரர் என் அப்பா.

அம்மா உத்தர வீதியில் காய் விற்பாள். அங்கே வாடிக்கையாக வாங்கும் மாமி ஒருத்தி, ஒவ்வொரு மழைக்காலத்திலும் தவறாமல் கேட்பாள்: "ஏன்டிம்மா, சுத்தி ஜலம், நடுவுல எப்படித்தான் குடித்தனம் பண்றேளோ, பெருமாளே!"

"நீங்க எப்படிப் பண்றீங்களோ அப்படித்தான் மாமி. உங்களைச் சுத்தியும் தண்ணிதான். உங்களுக்குப் பாலம் இருக்கு, எங்களுக்குப் பரிசல் இருக்கு."

மாமி சிரித்துவிட்டு, கொசுறாக இன்னும் ரெண்டு கத்தரிக்காயை எடுத்துக்கொள்வாள். பெரிய தீவுக்காரர்கள் எப்போதும் சின்னத் தீவுக்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். கொசுறையும் விட மாட்டார்கள்.

கால் நனைகிற கணக்கு

எங்கள் பிடாரி ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். தொங்கவிட்ட அந்த வலது கால் தரையிலிருந்து ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் இருக்கும். ஊரின் சட்டம் முழுவதும் அந்தக் காலில்தான் இருந்தது.

வெள்ளம் வந்தால் எந்த வீடும் தன்னிஷ்டத்துக்குக் கிளம்பக் கூடாது. இருந்தது இரண்டு பரிசல். முந்திக்கொண்டவன் தன் பானை சட்டி, கோழி, கட்டில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் பிடாரி கால் நனையும் வரை பரிசலை அவிழ்க்கக் கூடாது. கால் நனைந்துவிட்டால் சேகண்டி அடிப்பார்கள். அப்புறம் வரிசை. முதலில் கைக்குழந்தைக்காரிகளும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளும். பிறகு வயசாளிகள். அப்புறம் மற்றப் பெண்களும் பிள்ளைகளும். ஆண்கள் மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு நீந்தி வருவார்கள்.

நல்ல சட்டம். நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் காலைத் தொடும்போது வீட்டுக்குள் கணுக்கால் அளவுதான் இருக்கும், இழுப்பும் தாங்குகிற அளவில் இருக்கும். யாரோ புத்தியுள்ளவர்கள் அப்படிப் பார்த்துத்தான் அவளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் நினைவில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் செத்ததில்லை.

பிறகு மர வாடிக்காரர் வந்தார்.

உபயம்

அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் பெயரை ஒரு தடவை கல்லில் எழுதிப் பட்ட பாடு போதும். திருச்சியில் பெரிய மர வாடி வைத்திருந்தவர். முக்கொம்புக்கு மேற்கே ஆற்றோரம் அடுக்கியிருந்த அவருடைய தேக்குக் கட்டைகள் ஒரு வருஷம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்தன. வந்தவை எங்கள் திட்டில் ஒதுங்கின. அப்பாவும் மற்ற ஆண்களும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றாக இழுத்து மருத மரத்தில் கட்டினார்கள். அப்பாவின் தோள் உரிந்து போயிற்று. அம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டதை நான் பார்த்தேன்.

தண்ணீர் வடிந்ததும் மர வாடிக்காரர் வந்தார். ஒரு கட்டை குறையவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. நன்றி சொன்னார். யாருக்கு? பிடாரிக்கு! இழுத்துக் கட்டினவனின் தோள் எதிரிலேயே நிற்கிறது, இந்த மனுஷன் கல்லைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

"என் சொத்தைக் காப்பாத்துன ஆத்தா இப்படித் தரையோட தரையா உக்காந்திருக்கலாமா? இடுப்பளவு ஒசத்திப் பீடம் கட்டுறேன். செலவு என்னோடது" என்றார்.

ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமியை உயர்த்த வேண்டாம் என்று எவன் சொல்லுவான்? எல்லாருக்கும் தெரியும், அந்தக் கால்தான் அளவு என்று. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டார்கள். அப்பா மட்டும் நாட்டாமையிடம் கேட்டார்: "ஏங்க, கால் மேல போயிட்டா நமக்கு அளவு?"

நாட்டாமை சிரித்தார். "அளவு ஆத்தாளுக்குத் தெரியாதா? எங்க உக்காந்தாலும் நேரத்துக்குக் காலை நனைச்சுக்குவா. நீ பரிசலைப் பாரு."

அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அம்மா அன்று ராத்திரி சோறு போடும்போது, "அவ காலு மேல போகப் போகுது. தண்ணி அவ காலைத் தொட்டுட்டுத்தான் நம்ம வீட்டுக்குள்ள வருமா? இல்ல, நம்ம வீடும் மேல போகுமா?" என்றாள்.

"ஊரோட ஒத்துப் போடி" என்றார் அப்பா.

பீடத்தின் முகப்பில் ஒரு பளிங்குக் கல் பதித்தார்கள். முன்பு பிடாரியின் கால் தொங்கிய அதே இடத்தில், அதே உயரத்தில். "இத்திருப்பணி உபயம்" என்று மேல் வரி. நடுவில் அவர் பெயர், பெரிய எழுத்தில். கீழே "குடும்பத்தார்". சாமியின் கால் இருந்த இடத்தில் ஒரு வியாபாரியின் பெயர்! இதை எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. வயதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கோபம்.

பெயர் முழுகியது

அதற்கு அடுத்த ஆடிக் கடைசி. என் அக்கா அஞ்சலை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளைத் திருவெள்ளறையில் கொடுத்திருந்தது. தண்ணீர் வரும் காலம், திட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று அவள் மாமியார் எவ்வளவோ சொன்னாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அழைத்து வந்தது அம்மாதான். நிறைமாதம். அக்கா நடந்தால் தரை அதிரும்.

ஒருநாள் விடிந்தபோது ஆறு நிறம் மாறியிருந்தது. மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கம் திறந்துவிட்டார்கள் என்றார்கள். செம்மண் தண்ணீர், நுரை, வைக்கோல் போர், தென்னங்குலை, செத்த ஆடு. இரைச்சலில் பேசுவது கேட்கவில்லை. வாழைத் தோட்டத்துக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

அம்மா என்னைக் கல்லின் எதிரில் நிறுத்தினாள். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"எந்த வரி வரைக்கும் வந்திருக்குடி?"

"குடும்பத்தார் முழுகிட்டாங்கம்மா."

கொஞ்ச நேரம் கழித்துப் பெயரும் முழுகியது. அம்மா ஓடினாள். அப்பா பரிசலுக்குள் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா வீட்டு வாசலில் கட்டிலின் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, ஒரே நடை. அஞ்சலையையும் கைப்புள்ளைக்காரிங்களையும் அந்தாண்ட விட்டுட்டு வந்துடுங்க."

"கால் நனையலை."

"கால் இருந்த எடம் நனைஞ்சு போச்சுங்க! பேரு முழுகிப் போச்சு!"

"பேரு முழுகினா பரிசலை அவுக்கணும்னு ஊர்ல சட்டம் இல்லை." அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் பரிசக்காரன். என் பொண்ணுக்குன்னு நானே மொத ஆளா அவுத்தா, நாளைக்கு எவன் என் சொல்லுக்கு நிப்பான்? ஆளாளுக்கு அவுத்துக்கிட்டுப் போயிடுவான்."

"நாளைக்கு எவன் இருக்கப் போறான்?"

அப்பா நாட்டாமையைப் பார்த்தார். நாட்டாமை பிடாரியைப் பார்த்தார். பிடாரி மேலே, ஈரமே படாத காலோடு, மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேர்மையாம், நேர்மை! அந்த நேர்மையைத் தூக்கி அந்தக் கொள்ளிடத்திலேயே போட வேண்டும். என் அப்பாவைப் போல நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த நல்ல மனிதரை அந்த நிமிஷத்தில் எனக்கு அடிக்கத் தோன்றியது. இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஆத்திரம் ஆறவில்லை. செத்துப்போனவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். செத்துப்போனவரும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இடுப்பளவு தண்ணீர் வந்த பிறகு, இருந்த இரண்டில் மற்றொரு பரிசலை இழந்தோம். அது கட்டியிருந்த தென்னையே வேரோடு சாய்ந்து, பரிசலையும் இழுத்துக்கொண்டு ஆற்றோடு போயிற்று. மண் சுவர்கள் கரைந்து விழுந்தன. அதற்கும் வெகுநேரம் கழித்து, வெயில் சாயத் தொடங்கும்போதுதான், சேகண்டி அடித்தது.

"ஆத்தா கால் நனைஞ்சாச்சு!"

தலைக்கு மேல் வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன!

முதல் நடையில் அக்கா, கைக்குழந்தைக்காரிகள் இருவர், அக்காவைப் பிடித்துக்கொள்ள நான். அம்மா ஏறவில்லை. அவள் வரிசை வரவில்லை. அப்பா துடுப்பைப் பிடித்த பிடியில் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. பரிசல் சுற்றிக்கொண்டே போயிற்று. எங்கேயோ கிழக்கே, ஸ்ரீரங்கத்துக் கரையின் கடைசியில் ஒரு நாணல் புதரில் போய் இடித்து நின்றது. அப்பா எங்களை இறக்கிவிட்டு, பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையோடு மேற்கே ஓடினார். ஓடுமுன் அக்காவின் தலையை ஒரு தரம் தடவினார்.

இரண்டாவது நடையில் வயசாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். மூன்றாவது நடைக்குத் திரும்பிப் போனார். காலிப் பரிசல், அவர் மட்டும். நட்டாற்றில் ஒரு மரக்கட்டை வந்து இடித்தது. நான் கரையில் நின்று பார்த்தேன். பரிசல் கவிழ்ந்தது. ஒரு கை தெரிந்தது. அப்புறம் தண்ணீர்தான் தெரிந்தது.

அது என்ன மரம் என்று எனக்குத் தெரியாது. தேக்கு என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன்.

காப்பாற்றியது யார்?

மீதிப் பேர் பிடாரியின் பீடத்தில் ஏறிக்கொண்டார்கள். அம்மாவும்தான். மருத மரத்திலும் பீடத்திலும் தொற்றிக்கொண்டு கிடந்தவர்களை மறுநாள் முக்கொம்புப் பக்கத்துப் பரிசல்கள் வந்து மீட்டன. மாடுகளில் பாதி போயிற்று. மனிதர்களில் போனது ஒருவர்.

அக்காவுக்கு அடுத்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. உத்தர வீதி மாமி வீட்டு மாட்டுக் கொட்டகையில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். குழந்தை பிழைத்தது, அக்கா பிழைத்தாள். மாமி அந்த வாரம் முழுக்க ரசம் சாதம் கொடுத்தாள். அவளைப் பற்றி மேலே எழுதிய கொசுறு விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? "ஆத்தா ஒரு உசிரைக் கேட்டா. பரிசக்காரனை எடுத்துக்கிட்டு மத்த எல்லாரையும் காப்பாத்திட்டா." பலியாம்! இவர்கள் வாய்மூடிகளாக இருந்ததற்குப் பெயர் பலியாம்!

தண்ணீர் வடிந்து மணல் தெரிந்ததும் திட்டில் நன்றிப் பொங்கல் வைத்தார்கள். மர வாடிக்காரர் அரிசி மூட்டைகளோடு வந்தார். மாலை போட்டார்கள். அவர் அம்மாவைக் கூப்பிட்டு, ஒரு மூட்டையைக் காட்டி, "வருத்தப்படாதம்மா. நான் ஒசத்துன பீடம்தானே உன்னையும் காப்பாத்துச்சு? அதை நினைச்சுப் பாரு" என்றார்.

அம்மா நிமிர்ந்தாள். "நீங்க ஒசத்தாம இருந்தா நான் அதுல ஏற வேண்டிய அவசியமே வந்திருக்காதுங்களே."

அம்மா நாட்டாமையிடம் திரும்பினாள். "எனக்கு அரிசி வேண்டாம். அவளைப் பழையபடி கீழ எறக்கி வைங்க. அது போதும்."

"ஏத்துன சாமியை எறக்கறதா? ஊர் வெளங்குமா?"

அம்மா சுற்றிலும் பார்த்தாள். பொங்கலுக்கு அடுப்பு தோண்டின கடப்பாரை அங்கே கிடந்தது. எடுத்தாள். நேரே பீடத்துக்குப் போனாள். முதல் குத்து விழுந்ததும்தான் அவள் என்ன செய்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்தது. "அடியே!" என்று நாட்டாமை கத்தினார். மர வாடிக்காரர் போலீஸ் என்றார். ஒருவரும் கிட்டே வரவில்லை. தாலி அறுத்து மாதம் ஆகாதவள் கையில் கடப்பாரை இருந்தால் எவன் வருவான்?

பளிங்குக் கல் முழுசாகப் பெயர்ந்து வந்தது. சும்மாடு கூட்டி அதைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். வழியில் ஒரே ஒரு தரம், "கனக்குதாம்மா?" என்று கேட்டேன். "இது என்ன கனம்" என்றாள்.

குழி

நாங்கள் திட்டுக்குத் திரும்பவில்லை. ஸ்ரீரங்கத்துக் கரையில் கொள்ளிடத்தைப் பார்த்தபடி ஒரு குடிசை போட்டுக்கொண்டோம். பளிங்குக் கல்லைத் துறையில் போட்டு அதில்தான் துணி துவைத்தோம். மர வாடிக்காரர் பெயரின் மேல்தான் எங்கள் வீட்டு அழுக்கெல்லாம் போயிற்று. மற்ற ஜனங்கள் மறுபடி திட்டில் கூரை போட்டுக்கொண்டார்கள். புதுப் பரிசல் வாங்கினார்கள். பீடத்தின் முகப்பில் கல் பெயர்ந்த இடம் குழியாகவே கிடந்தது. பூச வந்த கொத்தனாரைப் பெண்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஏன் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஓரிரண்டு வருஷம் கழித்து மறுபடி பெரிய தண்ணீர் வந்தது. காலை நேரம். அம்மா துறையில் துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இன்னும் அவ்வளவு ஏறவில்லை. திட்டிலிருந்து சேகண்டிச் சத்தம் கேட்டது. அம்மாவின் கை நின்றது. இவ்வளவு சீக்கிரமா?

பரிசல்கள் வந்தன. கைக்குழந்தைக்காரிகள், வயசாளிகள், பிள்ளைகள். மாடுகள் பின்னால் அவசரமில்லாமல் நீந்தி வந்தன. சாமான்கள்கூட வந்து சேர்ந்தன. ஒருவர் குறையவில்லை. கடைசிப் பரிசலில் நாட்டாமை வந்தார். துறையில் கால் வைத்தவர் துவைக்கிற கல்லைப் பார்த்தார். அந்தப் பெயரைப் பார்த்தார். போக வழி இல்லாமல் நின்றார்.

"ஆத்தா கால் நனைஞ்சுதுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

நாட்டாமை தலையைக் குனிந்துகொண்டார். "இல்லைம்மா. குழி நனைஞ்சுது. கெளம்பிட்டோம்."

அம்மா துணியைக் கல்லில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தண்ணீர் அவர் வேட்டியில் தெறித்தது.

"அந்த எடம் அன்னிக்கும் நனைஞ்சுதுங்க" என்றாள்.